பெயர்ப் பொருத்தம்

மூத்தவன் பெயர் ஆஜுவோலஸ்.
எங்கள் லிதுவேனிய மொழியில் ஓக் மரம்.
அடுத்தவள் அவுத்ரா, புயல்.
வைத்தபோது அழகாய்த்தான் இருந்தது.
நாலு வருஷமாய் வீட்டில்
விழுந்து அடிபடுவதெல்லாம் மரம்தான்.

மூன்றாவதும் வருகிறது, பெண் என்றதும்
க்ளைபெடா துறைமுகமே பெயரோடு கிளம்பியது.
ரிம்விதஸோடு கிரேன் ஓட்டுகிறவர்கள்
அவன் சாப்பாட்டு டப்பா மூடியில் எழுதி அனுப்பினார்கள்:
ரசா, பனித்துளி.
மிக்லே, மூடுபனி.
உக்னே, நெருப்பு.
நெருப்பா? வீட்டில் மரம் இருக்கிறது என்றேன்.
அவுத்ராவின் சிபாரிசு புல்வே.
உருளைக்கிழங்கு.

நாத்தனார் தைவா மட்டும்
தீர்ப்பு வாசிப்பதுபோல் சொன்னாள்:
"கியெத்ரே என்று வை. தெளிந்த வானம்.
புயலும் அடங்கும், மரமும் பிழைக்கும்.
மூன்றையும் ஒரே சரத்தில் கோத்த மாதிரி இருக்கும்."
எல்லோரும் தலையாட்டினார்கள்.
ரிம்விதஸ் தொட்டில் பலகையில்
பென்சிலால் எழுதியே விட்டான்.

நான் எச்சில் தொட்டு அழித்தேன்.
அண்ணனுக்கும் அக்காவுக்கும் நடுவே உட்கார்ந்து
பஞ்சாயத்து பண்ணவா ஒருத்தியைச் சுமக்கிறேன்?
தெளிந்த வானம் என்று கூப்பிட்டு
அவள் ஒருநாள் இடி இடித்தால்
யாரிடம் போய் முறையிடுவது?

என் அப்பாவுக்குப் பழைய அரசர்கள்மேல் பித்து.
அண்ணன்மார் அல்கிர்தஸ், கெஸ்துதிஸ்.
அடுத்து நான்.
வரிசை கெடக்கூடாதென்று பிரூதே என்றார்.
ஆறாம் வகுப்பில் வரலாற்று ஆசிரியர்
வருகைப் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்து,
"அப்படியானால் கெஸ்துதிஸின் ராணி நீதானா" என்றார்.
வகுப்பே மேசை தட்டியது.
ராஜா அப்போது மாடியில், எட்டாம் வகுப்பில்,
கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தான்.
பள்ளி முடியும் வரை
தெருவின் ஆளுக்கொரு ஓரமாய் நடந்தோம்.
இன்றுவரை அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
ஏய்தான்.

சரம் கோப்பவர்களுக்குத் தெரியாது
ஊசி எது வழியே போகிறதென்று.

ஜனவரி பதினேழு, விடியாத காலை.
மூன்று கிலோ நானூறு.
மணிக்கட்டுப் பட்டையில் என் பெயரும் ஓர் எண்ணும்.
அவளுக்கு அது போதுமாயிருந்தது.
ஜன்னல் பாதிவரை பனி.
ரிம்விதஸ் ஃப்ளாஸ்க்கைத் திறந்தான்.
லிண்டன் பூப்போட்ட தேநீர்,
கோடையில் ஏணி வைத்து அவனே பறித்து
பழைய செய்தித்தாள்மேல் உலர்த்தியது.
அறை முழுக்கத் தேன் வாசம்.
அதுவரை கத்தியவள்
மூக்கைச் சுளித்தாள், நிறுத்தினாள்,
எங்கோ முகர்ந்த ஒன்றை யோசிப்பவள்போல் கிடந்தாள்.
"லியேபா" என்றேன்.
இன்னும் கொஞ்சம் ஊற்று என்றுதான் சொல்ல வந்தேன்.
அவன் குழந்தையைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.

பதிவு அலுவலகத்தில்
"பிறந்த மாதம்?"
"ஜனவரி."
"பெயர்?"
"லியேபா."
எழுதுபவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள்.
எங்களுக்கு ஜூலைக்கும் அதே பெயர்.
பிறகு பழைய பதிவைப் புரட்டி,
"மூத்தவன் ஓக், இவள் லிண்டன். நல்ல பொருத்தம்" என்றாள்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
எதிலிருந்து ஓடினேனோ அது
எனக்கு முன்னால் வந்து நாற்காலி போட்டிருந்தது.

அவுத்ராவுக்கும் உறைத்தது.
"அவங்க ரெண்டு பேரும் மரம். நான் மட்டும் தனி."
பூட்ஸோடு கட்டிலுக்கடியில் போய்விட்டாள்.
சாக்லேட் பலிக்கவில்லை.
என்னிடமும் பதில் இல்லை.

ராத்திரி சத்தம் கேட்டு எழுந்தேன்.
தொட்டில் கம்பிகளுக்கிடையே வாயை வைத்து
ஊதிக்கொண்டிருந்தாள்.
ஃபூ. கொஞ்சம் நிறுத்தி, ஃபூ.
ஒவ்வொரு ஊதலுக்கும்
சின்னவளின் பத்து விரலும் விரிந்து ஆடின.
கூப்பிடவில்லை நான்.
பலகையில் அரைகுறையாய் அழிந்த பென்சில் எழுத்து
தெருவிளக்கில் இன்னும் தெரிந்தது.
காலையில் சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும்.